ராஜபார்ட் ஒச்சப்பனுக்கு ஒரு நிமிட மௌனம்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, கரையானைப் பற்றி நான் உங்களுக்கு ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஈரப்பதம், வெளிச்சம், பூச்சிமருந்து, கண்ணாடிப் பெட்டிக்குப் பூட்டு எல்லாவற்றையும் பயிற்சியில் சொல்லித் தந்துவிடுவார்கள். தராவிட்டால் படித்துக்கொள்ளலாம். நான் வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு கண்காட்சிகூடக் கரையான் அரித்துக் கெட்டதில்லை. கெட்டதெல்லாம் திறப்பு விழாவில்தான். ஒருமுறை ரிப்பன் வெட்ட வந்தவர், கத்தரிக்கோலும் நினைவுப் பரிசுதான் போலிருக்கிறது என்று ஜிப்பாப் பைக்குள் போட்டுக்கொண்டு காரேறிவிட்டார். அது தையல்கடையில் இரவல் வாங்கியது. அதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

எழுபதுகளின் கடைசி. எங்கள் காட்சிக்கூடம் அப்போது வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போகிற சாலையில் ஒரு பழைய கட்டடத்தில் இருந்தது. பல்கலைக்கழகத்து ஆட்களும் நாங்களும் சேர்ந்து அவ்வப்போது கண்காட்சி நடத்துவோம். அவர்களிடம் பேராசிரியர்கள் இருந்தார்கள், எங்களிடம் ஏணியும் சுத்தியலும் இருந்தன. நான் உதவிக் காப்பாட்சியர். சேலை கட்டிய ஒருத்தி ஏணியில் ஏறி ஆணி அடிப்பதைப் பார்க்கவே சிலர் வாசலில் வந்து நிற்பார்கள். நின்றால் நிற்கட்டும் என்று நான் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருப்பேன்.

அந்த மாசியில் நாடகக் கலைஞர்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தோம். பங்குனி, சித்திரையில் நம் பக்கத்து ஊர்களில் திருவிழா என்றால் விடிய விடிய நாடகம் உண்டல்லவா, அந்த நாடகக்காரர்கள். கண்காட்சியை மாசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஊர்க் கமிட்டிக்காரர்கள் மதுரைக்கு வந்து ராஜா வேஷத்துக்கு யார், ராணிக்கு யார், பபூனுக்கு யார் என்று பேசி, வெற்றிலை பாக்கு மாற்றி உறுதி செய்வது மாசியில்தான். மாசியில் வெற்றிலை வாங்காத நடிகர் அந்த வருஷம் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

கமிட்டிக்காரர்கள் எப்படியும் மதுரைக்கு வருகிறார்கள், அப்படியே கண்காட்சியையும் பார்க்கட்டும் என்பது எங்கள் கணக்கு. படங்கள், சரிகைக் கோட்டுகள், கிரீடங்கள், வாட்கள், ஆர்மோனியம் எல்லாம் இரவல் வாங்கினோம். படம் வாங்க நானே ஊர் ஊராகப் போனேன். அப்படித்தான் உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ராஜபார்ட் ஒச்சப்பன் வீட்டுக்குப் போனதும். ராஜா வேஷம் கட்டுகிறவரை ராஜபார்ட் என்பார்கள்.

ஒச்சப்பனை நான் சின்ன வயதில் மேடையில் பார்த்திருக்கிறேன். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல். இப்போது வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து பேசியவரின் குரல், எதிரே நிற்கிற எனக்கே கொஞ்சம் காதைக் கொடுத்தால்தான் கேட்டது.

"தொண்டையில ஒரு கட்டி வந்துருச்சு டீச்சரம்மா. பெரியாஸ்பத்திரியில அறுத்து எடுத்துட்டாக. இப்பத் தேவல. பாடலாம்னுட்டாக."

நான் டீச்சர் இல்லை என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். கைப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்திறங்குகிற பெண் வேறு என்னவாக இருக்க முடியும்? விட்டுவிட்டேன்.

"போன வருசம் ஒரு மேடைகூட ஏறல," என்றார். "செல ஊர்ல நான் போய்ச் சேந்துட்டேன்னே பேசிக்கிறாகளாம். ஒரு வருசம் ஏறலன்னா ஊரு பொறுத்துக்கிரும். இந்த வருசமும் விட்டுப்போச்சுன்னா அம்புட்டுத்தேன். பெறகு எவனும் நம்மள நெனைக்க மாட்டான்."

அவர் மனைவி பேச்சியம்மா கதவோரம் நின்றிருந்தார். நெற்றி நிறையக் குங்குமம், மஞ்சள் பூசிய முகம். சுவரில் தொங்கிய படத்தை அவரே ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றி, முந்தானையால் துடைத்து என் கையில் தந்தார். கிரீடமும் வாளுமாக ஒச்சப்பன் இளமையில் எடுத்துக்கொண்ட படம். ஒருத்தராகத் தூக்கிக்கொண்டு நடந்தால் கை வலிக்கிற பெரிய சட்டம். மேடைக் கிரீடத்தையும் சரிகைக் கோட்டையும் ஒச்சப்பன் எடுத்துத் தந்தார்.

"மதுரையில மாட்டுனா நாலு சனம் பாக்கும்ல டீச்சரம்மா. இவுக நல்லாத்தேன் இருக்காகன்னு ஊருநாட்டுக்குத் தெரியட்டும். அதுக்குத்தேன் தாரோம். இல்லாட்டி இந்தப் படத்த நான் வெளிய விடமாட்டேன்," என்றார் பேச்சியம்மா.

ஆக, அந்தப் படம் எதற்காக வந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒச்சப்பன் உயிரோடு இருக்கிறார், பாடத் தயாராக இருக்கிறார் என்று காட்டுவதற்காக வந்தது.

மண்டபத்தின் நடுச்சுவரில் காலமான கலைஞர்களின் படங்களை மாட்டினோம். இருப்பவர்கள் பக்கச் சுவரில். ஆனால் ஒச்சப்பன் படம் அளவில் பெரியது, பார்வைக்கும் எடுப்பானது. விழாக்குழுச் செயலாளராக இருந்த பேராசிரியர் அதை நடுச்சுவரின் மத்தியில்தான் மாட்ட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். மாட்டினோம். நன்றாகத்தான் இருந்தது. திறப்பு விழா அன்று காலையில் காலமானவர்களின் படங்களுக்குச் சம்பங்கி மாலை போட்டார்கள். ஒச்சப்பன் படத்துக்குப் போடவில்லை. போடக் கூடாது என்பது பூக்கட்டுகிறவருக்குக்கூடத் தெரியும்.

விழாவுக்கு ஒச்சப்பன் சும்மா வரவில்லை. திருவாதவூர்ப் பக்கத்து ஊர்க்காரர்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்த ஊர்த் தலைவரான அம்பலகாரர், அவர் தம்பி மகன், இன்னொரு கமிட்டிக்காரர். பங்குனித் திருவிழாவுக்கு ராஜபார்ட் தேடி வந்தவர்களிடம், "விழாவப் பாத்துட்டு அங்கனயே பேசி முடிச்சுருவோம்" என்று இவர்தான் அழைத்திருக்கிறார். தலைக்கு மை அடித்து, வெள்ளை ஜிப்பா போட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றித் தழும்பை மறைத்து, பின்வரிசையில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பேச்சியம்மா, மடியில் ஒரு மஞ்சள் பை. நான் போய் வணக்கம் சொன்னபோது அம்பலகாரர், "படத்துல ஆளு எடுப்பாத்தேன் இருக்காக. குரல் எப்புடின்னு தெரியலையே டீச்சரம்மா," என்று என்னையே கேட்டார். ஒச்சப்பனைப் பார்த்து நேராகக் கேட்க அவருக்குக் கூச்சம்.

"கேட்டாத் தெரிஞ்சுட்டுப் போவுது," என்றேன் நான்.

சிறப்பு விருந்தினர் தாமதமாகத்தான் வந்தார். பேர் வேண்டாம். மாவட்டத்தில் பெரிய மனிதர், நல்லவர், மேடைப் பேச்சில் கெட்டிக்காரர். நடுச்சுவர் ஓரம் மேடை போட்டிருந்தோம். அவருக்குப் பெரிய ரோஜா மாலை போட்டார்கள். விளக்கேற்றினார். பேச எழுந்தவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். வரிசையாகப் படங்கள், எல்லாவற்றுக்கும் மாலை. நடுவில் இருக்கிற பெரிய படத்துக்கு மட்டும் இல்லை.

"ஏன்யா, இவருக்கு மட்டும் ஏன் மாலை இல்ல? பூப் பத்தலையா?" என்று மைக்கிலேயே கேட்டார்.

நான் மண்டபத்தின் அந்தக் கோடியில், கண்ணாடிப் பெட்டிகள் பக்கம் நின்றிருந்தேன். செயலாளர் பேராசிரியர் எழுந்து வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெரிய மனிதர் தன் கழுத்து ரோஜா மாலையைக் கழற்றிவிட்டார். "எனக்கு எதுக்கு மாலை? இந்த மாலைக்குப் பொருத்தமான கழுத்து இதுதான்!" என்று சொல்லி, ஒச்சப்பன் படத்துக்குப் போட்டார். மண்டபமே கைதட்டியது. பத்திரிகைக்காரரின் பிளாஷ் மின்னியது. அதோடு விட்டாரா? "மறைந்தும் மறையாத இந்தக் கலைச்சுடர்களுக்கு ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம்," என்றார்.

எல்லோரும் எழுந்தார்கள். நாற்காலிகள் இழுபடுகிற சத்தம் அடங்கியதும் மண்டபம் அமைதியானது. நான் பின்வரிசையைப் பார்த்தேன். ஒச்சப்பனும் எழுந்து நின்றார்! கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, தனக்குத்தானே அஞ்சலி செலுத்திக்கொண்டு நின்றார். சபை எழுந்தால் தானும் எழுகிற மேடைப் பழக்கம். வேறென்ன செய்வது என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

அவருக்குப் பக்கத்தில் அம்பலகாரர் தம்பி மகனைப் பார்த்தார். தம்பி மகன் செருப்பைத் தேட ஆரம்பித்தான். அந்தப் பார்வைக்கு அர்த்தம் சொல்ல அகராதி வேண்டாம். சாமி காரியத்துக்கு ஆள் பிடிக்க வந்த இடத்தில், பிடிக்க வந்த ஆளின் படத்துக்குக் கண்ணெதிரே மாலை விழுகிறது, விளக்கு எரிகிறது, ஊரே எழுந்து நின்று அஞ்சலி செலுத்துகிறது. அவரை எப்படித் திருவிழா மேடையில் ஏற்றுவார்கள்? பங்குனியோடு ஒச்சப்பன் கதை முடிந்தது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

மௌனத்தை உடைத்தது பேச்சியம்மாதான்.

"யோவ்!"

எல்லாத் தலைகளும் திரும்பின. பேச்சியம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடுவில் வந்துவிட்டார். மஞ்சள் பை கீழே விழுந்து கிடந்தது.

"யாருக்குய்யா மாலை போடுறீக? ஒச்சப்பன்... எம்புருசன் ஒச்சப்பன் இந்தா நிக்கிறாகய்யா! குத்துக்கல்லாட்டம் நிக்கிறாக! தாலியோட நிக்கிறவ கண்ணு முன்னாடியே மாலையப் போட்டு வெளக்க ஏத்துறீகளே, நீங்கள்லாம் நல்லா இருப்பீகளா?"

அந்தத் தலைமுறையில் எங்கள் பக்கத்துப் பெண்கள் புருசன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். ஓட்டுச் சாவடியில்கூடப் பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்வார்கள். அப்படிப்பட்டவர், அவ்வளவு பேர் நடுவில், இரண்டு முறை பேரைச் சொல்லிக் கத்தினார். சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

இப்போதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது.

சிறப்பு விருந்தினரின் முகம் சிவந்து கறுத்தது. செயலாளர் பேராசிரியர் மேடையில் யாரையும் பார்க்காமல் அழைப்பிதழைப் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் காப்பாட்சியர் வேகமாக என்னிடம் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்குப் பெரிய மனிதர்கள் என்றால் காய்ச்சல் வரும்.

"ரெக்கார்டுல நாட்டுப்பண் போடும்மா. உடனே போடு. விழா முடிஞ்சதுன்னு ஆயிரும். எல்லாரும் கலைஞ்சு போயிருவாங்க. அவங்க ரெண்டு பேரையும் என் ரூமுக்குக் கூட்டிட்டு வா, காபி வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டுக்குவோம்."

யோசித்துப் பாருங்கள், எவ்வளவு கச்சிதமான யோசனை! நாட்டுப்பண் போட்டால் அதற்கப்புறம் யாரும் வாய் திறக்க முடியாது. விருந்தினர் மானம் காப்பாற்றப்படும், அலுவலகத்துக்கு ஒரு கெட்ட பேரும் வராது. இன்றைக்கும் பல அலுவலகங்களில் இப்படித்தான் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒச்சப்பன்? மண்டபம் நிறைய ஆட்கள் பார்க்கச் செத்தவர், காப்பாட்சியர் அறையில் காபி குடித்தால் பிழைத்துவிடுவாரா? சபையில் நடந்த தப்பைச் சபையில்தான் சரி செய்ய வேண்டும். அறைக்குள் கேட்கிற மன்னிப்பு கேட்கிறவருக்குத்தான் சௌகரியம்.

"நாட்டுப்பண் அப்புறம் சார்," என்று சொல்லிவிட்டு நான் மேடைக்கு நடந்தேன். நடக்கும்போது என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. மைக்கைப் பிடித்ததும் பேச்சு தானாக வந்துவிட்டது. மதுரைக்காரிக்கு மைக் கிடைத்தால் வார்த்தைக்கா பஞ்சம்?

"எல்லாரும் உக்காருங்க. அஞ்சலி முடிஞ்சுருச்சு. ராஜபார்ட் ஒச்சப்பண்ணே நம்ம முன்னாலயே இருக்காக. இன்னைக்கு அவுக பாட்டக் கேக்காம யாரும் போகக் கூடாது. அண்ணே, மேடைக்கு வாங்க."

ஒச்சப்பன் நகரவில்லை. அம்பலகாரரின் தம்பி மகன் செருப்பைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டிருந்தான்.

அதற்குள் சிறப்பு விருந்தினருக்கு உயிர் வந்துவிட்டது. தப்பைச் சரி செய்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வேகம். என்ன செய்தார் தெரியுமா? விறுவிறுவென்று போய்ப் படத்திலிருந்த ரோஜா மாலையைக் கழற்றினார். "அண்ணே, மன்னிச்சுக்கங்க," என்று சொல்லிக்கொண்டே, இரண்டு கையாலும் அதை விரித்துப் பிடித்தபடி ஒச்சப்பனை நோக்கி இறங்கினார். படத்துக்குப் போட்ட மாலையை ஆளுக்குப் போடப் போகிறார்!

மண்டபத்தில் "ஐயய்யோ" என்று ஒரு சத்தம் கிளம்பியது. தரையில் இருந்த பேச்சியம்மா எழுந்து ஒச்சப்பனுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

நான் குதித்து ஓடிப்போய் அந்தப் பெரிய மனிதரின் மணிக்கட்டைப் பிடித்தேன். சும்மா தொடவில்லை, இறுக்கித்தான் பிடித்தேன். அவரோடு வந்த இரண்டு பேர் என்னை முறைத்துக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

"ஐயா, வேண்டாம். அது படத்துல கெடந்த மாலை."

அவ்வளவுதான் சொன்னேன். அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தானே. ஒரு கணம் மாலையைப் பார்த்தார். மாலையை என் கையில் விட்டுவிட்டு, முன்வரிசை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துகொண்டார். நான் அதை எங்கள் வாட்ச்மேனிடம் கொடுத்து, "தெப்பக்குளத்துல விட்டுட்டுக் கையக் கால அலம்பிட்டு வாங்கண்ணே," என்றேன். தைத் தெப்பத்துக்கு நிரப்பிய தண்ணீர் அப்போது குளத்தில் கிடந்தது.

சரி, தப்பான மாலை போய்விட்டது. நல்ல மாலை ஒன்று போட்டால்தானே ஆள் உயிரோடு இருக்கிறார் என்று ஊர் ஒத்துக்கொள்ளும்? பூக்கூடையைப் பார்த்தால் காலியாகக் கிடக்கிறது. பூக்கடைக்கு ஆள் போய் வருவதற்குள் அம்பலகாரர் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார். என் கை தன்னால் இடுப்புச் சாவிக்கொத்துக்குப் போனது.

ஒச்சப்பனின் கிரீடமும் சரிகைக் கோட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. கண்காட்சி முடியும்வரை பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது நமக்கு வேதவாக்கு. இன்றைக்கும் அப்படித்தான், மாற்றிவிடாதீர்கள். நான் போய்ப் பெட்டியைத் திறந்தேன்.

"எக்ஸிபிட்மா அது!" என்று காப்பாட்சியர் கத்தினார்.

"கிரீடம் சார் அது," என்றேன் நான்.

கோட்டை நானே பிடித்துக்கொண்டு நின்றேன். ஒச்சப்பன் என்னையும் பார்த்தார், பேச்சியம்மாவையும் பார்த்தார். "போங்க," என்று பேச்சியம்மா சொன்னார். ஒச்சப்பன் ஒரு கையை நுழைத்தார், இன்னொரு கையை நுழைத்தார். கழுத்துத் துண்டை எடுத்துப் பேச்சியம்மாவிடம் கொடுத்தார். தழும்பு பளிச்சென்று தெரிந்தது. கிரீடத்தை அவரே வாங்கித் தலையில் வைத்து, கண்ணாடி பார்க்காமல் ஒரு தட்டுத் தட்டிச் சரி செய்தார். மேடையேறித் தன் படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். படத்தில் இருந்தவருக்குக் கன்னம் உப்பியிருந்தது, இவருக்கு ஒட்டியிருந்தது. நிற்கிற நிமிர்வு மட்டும் ஒன்றுதான்.

சுருதிக்கு ஆர்மோனியம் வேண்டும். பக்கத்துப் பெட்டியில் ஒன்று இருந்தது. அதை நான் திறக்கவில்லை. அது காலமான ஒருவருடையது. அன்றைக்கு அவர் வாத்தியத்தையும் இவர் குரலையும் சேர்த்து வைப்பது சரியாகப் படவில்லை. "சுருதி வேண்டாம் டீச்சரம்மா," என்று ஒச்சப்பனே சொல்லிவிட்டார்.

ராஜா சபைக்குள் நுழைகிற பாட்டை எடுத்தார். முதல் வரி தணிந்த குரலில் வந்தது. சுத்தமாக இருந்தது. இரண்டாவது வரியில் கொஞ்சம் ஏற்றினார். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. மூன்றாவது வரி உச்சத்துக்குப் போக வேண்டும். அந்தக் காலத்தில் அந்த இடத்துக்குத்தான் ஊரே காத்திருக்கும். போனார். பாதியில் குரல் உடைந்தது. ஓட்டைப் பாத்திரத்தில் தட்டியது போல ஒரு சத்தம் வந்து நின்றுவிட்டது.

பேச்சியம்மா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அந்த நொடியில், நாட்டுப்பண்ணையே போட்டிருக்கலாமோ என்று தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன். பாவம், செத்தார் என்ற பேரோடு போயிருந்தாலும் போயிருப்பார், இப்போது குரல் போனவர் என்ற பேரும் சேர்ந்துவிட்டதே!

ஒச்சப்பன் இருமினார். கிரீடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். இறங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். இறங்கவில்லை. ஒரு படிகூடக் குறைக்காமல் அதே உச்சத்துக்கு மறுபடியும் போனார். குரல் கரகரத்தது, கீறியது, ஓரிடத்தில் பிசிறடித்தது. ஆனால் இந்த முறை நிற்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க அந்த வரியைக் கடந்து, சுற்றி வந்து, முதல் வரியில் இறக்கி வைத்தார்.

சிறப்பு விருந்தினர்தான் முதலில் கைதட்டினார். மண்டபம் முழுக்கத் தட்டியது. நான் தட்டவில்லை. நான் அம்பலகாரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் எழுந்து, தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு மேடைப் பக்கம் நடந்து வந்தார். கைதட்டல் அடங்கியது.

"குரல் ஒடையுதே ஒச்சப்பா," என்றார்.

"ஆமாண்ணே. ஒடையத்தேன் செய்யுது," என்றார் ஒச்சப்பன்.

"செத்தவனுக்குக் குரல் ஒடையாதுல்ல," என்றார் அம்பலகாரர். "பங்குனிக்கு எங்க ஊருக்கு வந்துரு."

மண்டபம் ஓவென்று சிரித்தது. தம்பி மகன் மட்டும் விடவில்லை. "இருந்தாலும் பெரியப்பா, மாலை விழுந்துருச்சே, சகுனம்..." என்று இழுத்தான். அம்பலகாரர் திரும்பி ஒரு அதட்டுப் போட்டார். "போடா கிறுக்குப் பயலே. சாவுச் சேதி வந்தவனுக்கு ஆயுசு கெட்டிடா. இந்த மாவட்டத்துலயே இப்ப இவன்தேன் கெட்டி ஆளு."

வெற்றிலை பாக்கை அங்கேயே மாற்றிக்கொண்டார்கள். பேச்சியம்மா புருசனுக்கு முகத்தை வழித்து நெட்டி முறித்தார். அத்தனை விரலிலும் சடசடவென்று சொடக்கு விழுந்தது. சிறப்பு விருந்தினர் போகும்போது கார் பக்கத்தில் என்னைக் கூப்பிட்டார். வேலைக்கு உலை வைக்கப்போகிறார் என்றுதான் போனேன். "ஏம்மா, நல்ல நேரத்துல என் கையப் புடிச்சியே. நல்லா இரு," என்று சொல்லிவிட்டுப் போனார். பத்திரிகைக்காரரை வாசலிலேயே மறித்து, மாலை போட்ட படம் வந்தால் நான் வீட்டுக்கே வந்து நிற்பேன் என்று சொல்லி அனுப்பினேன். கிரீடத்தோடு பாடுகிற படம்தான் மறுநாள் வந்தது. கண்ணாடிப் பெட்டியைத் திறந்ததற்குக் காப்பாட்சியர் எனக்கு மெமோ கொடுத்தார். அதை அவர் கொடுக்கத்தான் வேண்டும். நீங்களும் இப்படி எதையாவது செய்தால் மெமோ வரும். வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்றும் ஆகிவிடாது.

எல்லோரும் போனபிறகு பேச்சியம்மா என்னிடம் வந்தார்.

"டீச்சரம்மா, படத்தக் கழட்டிக் குடுங்க. மாலை விழுந்த சொவத்துல இவுக இனி ஒரு நிமிசங்கூடத் தொங்கக் கூடாது."

கண்காட்சி இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, நடுச்சுவரே மூளியாகிவிடும் என்று செயலாளர் பேராசிரியர் கெஞ்சினார். காப்பாட்சியர் விதிகளைச் சொன்னார். நான் ஏணியை எடுத்து வந்து சுவரில் சாத்தினேன். படத்தைக் கழற்றிக் கொடுத்ததும் பேச்சியம்மா அதை முந்தானையால் துடைத்தார். ஒருபக்கம் அவரும் இன்னொரு பக்கம் ஒச்சப்பனுமாகத் தூக்கிக்கொண்டு, உசிலம்பட்டி பஸ்ஸுக்குப் போனார்கள். படத்தில் ஒரு ராஜா, படத்தைத் தூக்கிக்கொண்டு போனதும் அதே ராஜா.

மறுநாள் காலை செயலாளர் வந்து, நடுவில் ஆணி மட்டும் இருக்கிறதே, வேறு யார் படத்தையாவது மாட்டலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஒரு அட்டையை வெட்டி, நானே எழுதி, அந்த ஆணியில் மாட்டினேன். கண்காட்சி முடிகிறவரை அது அங்கேயே இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று படித்தார்கள், சிரித்தார்கள், யாரிது என்று விசாரித்தார்கள். விசாரித்தவர்களில் ஊர்க் கமிட்டிக்காரர்களும் இருந்தார்கள், விலாசம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அட்டையில் நான் எழுதியது இவ்வளவுதான்:

"ராஜபார்ட் ஒச்சப்பன். நாடகத்துக்குப் போயிருக்கிறார்."